மீட்டரம்மன் எல்லை

"ஓடைக்கு உள்ளத ஓடைக்கு விட்டுட்டு மிச்சத்துலதான் நாம குடியிருக்கணும்" என்று பெரியப்பா சொன்னாரா, இல்லை "நாம குடியிருந்தது போக மிச்சந்தான் ஓடைக்கு" என்று சொன்னாரா என்பது குற்றாலிங்கத்துக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கூனியோடைப் பாலம் திறந்த அன்றைக்கு மேடையில் பேசியது அது. போட்ட மாலையைக் கழற்றாமலே, ஒலிபெருக்கி இடையிடையே ஊளையிட, கையை ஓடைப் பக்கம் ஒரு வீச்சும் ஊர்ப் பக்கம் ஒரு வீச்சுமாக வீசிப் பெரியப்பா பேசியதும், கூட்டம் எழுந்து கைதட்டியதும் அப்படியே கண்ணுக்குள் நிற்கின்றன. எந்த வீச்சுக்கு எந்த வார்த்தை என்பதுதான் கலைந்துபோயிற்று. கேட்டுத் தெளியப் பெரியப்பா இல்லை. அன்றைக்குக் கைதட்டியவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

குற்றாலிங்கம் கனடாவில் ஒரு சிற்றூர் நகராட்சியில், யார் எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று தீர்மானிக்கிற பிரிவில் தலை நரைக்கும்வரை இருந்துவிட்டு, நாற்பத்தெட்டாவது வயதில், ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெவ்வேறு காரணம் சொல்லிக்கொண்டு ஆலடிப்பரும்புக்குத் திரும்பி வந்தவர். மலையடிவாரத்து ஊர். மேலே ஒரு தூறல் விழுந்தால் கீழே கூனியோடை கலங்கும். கரையில் நின்ற நாணலையும் தாழையையும் வெட்டியெறிந்து, வயல்காரர்கள் விளிம்புவரை உழுது, கோழிக்கடைக்காரர்கள் இறகைக் கொட்டி, வீட்டுக்காரர்கள் தண்ணீருக்குள்ளேயே சுவரை இறக்கி, பிடித்து நிறுத்த ஒரு வேர்கூட இல்லாமல் போன கரை வருஷா வருஷம் சர்க்கரைக்கட்டி மாதிரி கரைந்து, போன ஐப்பசியில் பாதித் தெருவுக்குள் இடுப்பளவு சேற்றை அனுப்பிவைத்திருந்தது. பேரூராட்சித் தலைவர் பிரமநாயகம் சேறு காயாத செருப்போடு வந்து, "அண்ணாச்சி, வெளிநாட்ல நீங்க இதத்தான பாத்திய? நமக்கும் ஒரு சட்டம் எழுதிக் குடுங்களேன்" என்றார்.

குற்றாலிங்கம் முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதினார். அது அவருக்குச் சோறு போட்ட பாஷை, கை தானாக ஓடியது. கரையை ஒட்டி மரம், அதற்கு வெளியே புதர், அதற்கும் வெளியே புல். வயலிலிருந்து இறங்கும் உரத்தண்ணீரைப் புல் வடிகட்டும், வெள்ளத்தின் வேகத்தைப் புதர் தணிக்கும், மண்ணை மரத்தின் வேர் பிடிக்கும், நிழல் விழுந்த தண்ணீரில் மீன் தங்கும் என்று காரணங்களையும் அடுக்கினார். ஆங்கிலத்தில் அது மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. அதையே தமிழாக்கி, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக வாசித்துக்கொண்டு போனபோது, தான் எழுதியதுதானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "கூனியோடையின் இரு கரையிலிருந்தும் பதினைந்து மீட்டருக்குள் உயிருள்ள மரம், செடி, கொடி, புல் அல்லாது வேறெதுவும் நிற்கலாகாது. நிற்பதை எவரும் வெட்டலாகாது, ஒடிக்கலாகாது, பெயர்க்கலாகாது" என்று ஆட்டோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போக, வாசலில் நின்று கேட்ட பெண்களில் சிலர், எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நில அளவர் ஜெபமணி சங்கிலி பிடித்து அளந்து எல்லைக்கல் நட்டார். வெள்ளைப் பெயின்ட் தீர்ந்துபோனதால் கல்லுக்கெல்லாம் மஞ்சள் அடித்தார். அந்த ஊரில் அதைவிடப் பெரிய பிழை ஒருவர் செய்திருக்க முடியாது. மாலைக்குள் ஒவ்வொரு கல்லுக்கும் குங்குமம் வந்துவிட்டது, அரளிச்சரம் வந்துவிட்டது, நடுக்கல்லுக்கு ஒரு சிவப்புத் துணியும் எலுமிச்சம்பழமும் வந்துவிட்டன. ஆட்டோ சொன்னதைக் கேட்டிருந்த யாரோ ஒருத்தி மீட்டரம்மன் என்று பெயரும் வைத்துவிட்டாள். ஜெபமணி ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். "இது அளவுக்கல்லுதாம்மான்னு சொல்லிப் பாத்துட்டேன் ஸார்" என்று குற்றாலிங்கத்திடம் வந்து நின்றார். "'நட்ட கை ஒங்க கைதான, ஒரு பழம் வாங்கிட்டுப் போங்க'ன்னு ஒருத்தி என் பையில போட்டுட்டா."

மறுநாள் விடிந்தபோது, கல்லுக்கும் ஓடைக்கும் நடுவில் இருந்த மரச்சாமான் எல்லாம் துளிர்த்திருந்தது.

நிலையும் கதவும் துளிர்த்திருந்தன, உத்தரமும் கைமரமும் துளிர்த்து ஓட்டை நெம்பிக்கொண்டு இலைவிட்டிருந்தன, பூவரசங்கட்டிலின் நான்கு கால்களும் தரையைத் துளைத்து வேர் இறக்கியிருந்தன, அதன் இலையைச் சுருட்டிப் பிள்ளைகள் பீப்பீ ஊதிக்கொண்டிருந்தார்கள். உலக்கை பூத்தது, ஏணி மூங்கிலாயிற்று, சவுக்குக் கொடிக்கம்பங்கள் கட்சி பேதமில்லாமல் ஊசியிலை விட்டன, மரப்பாச்சிக்குத் தலையில் பச்சையாக முடி முளைத்தது, ஒரு பென்சில்கூட முனையில் ஓர் இலை விட்டு எழுத மறுத்தது, ஊன்றுகோலோடு கரையில் நின்று அதிகநேரம் பேசிய ஒரு பெரியவர் கிளம்பும்போது கோல் வரவில்லை. ஊர் இதற்காக வாய் பிளக்கவில்லை. சாமி நட்டாயிற்று, சாமி இருக்கிறது, இருக்கிற சாமி சும்மா இருக்குமா என்பதோடு அந்தப் பேச்சு முடிந்து, அதற்கப்புறம் எல்லாம் நடைமுறைக் கேள்விகள்தான். "வெளக்கமாத்துக்கும் தண்ணி ஊத்தணுமாக்கா?" என்று ஒருத்தி குழாயடியில் கேட்டாள். "ஊத்தித்தான் பாரேன், எளநி காச்சாலும் காய்க்கும்" என்றாள் இன்னொருத்தி.

பலாக்கதவு ஒன்று காய்த்தபோது வாடகைக்கு இருந்தவருக்கும் வீட்டுக்காரருக்கும் அடிதடி வரப் பார்த்தது. உள்பக்கம் காய்த்தது வாடகைக்காரருக்கு, வெளிப்பக்கம் காய்த்தது சொந்தக்காரருக்கு என்று பிரமநாயகம் தீர்த்துவைத்தார். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எது உள், எது வெளி என்று அவர்கள் மறுபடி வந்து நின்றார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள், அவங்க வீட்டு நிலை பூக்குதா, வெறும் இலைதானா என்று விசாரித்துக்கொண்டு போனார்கள். துளிர்த்ததைக் கல்லுக்கு வெளியே கொண்டுபோனால் இலை உதிர்ந்து பழையபடி கட்டையாகிவிடும் என்று தெரிந்தபின், வெளியூர்க்காரர்கள் இடித்த வீட்டுத் தூணையும் உடைந்த தொட்டில் சட்டத்தையும் வண்டியில் ஏற்றிவந்து ஒருநாள் எல்லைக்குள் கிடத்திவைத்தார்கள். அப்பாவின் நாற்காலி இன்ன மரம் என்று பூவைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு, மாலையில் கட்டையாகத் திருப்பி எடுத்துப் போனார் ஒருவர்.

குற்றாலிங்கத்துக்கு மட்டும் தலை சுற்றியது. வேலை செய்கிறதே என்பதுதான் அவருடைய குழப்பம். ஐப்பசி வந்தது, மலையில் கொட்டியது, ஓடை நிறைந்து போயிற்று, தெருவுக்குள் ஒரு கை சேறு வரவில்லை. கட்டில்களும் கதவுகளும் கைமரங்களும் மண்ணுக்கடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. எந்த வீடுகளை அகற்றினால்தான் கரை பிழைக்கும் என்று அவர் எழுதினாரோ, அந்த வீடுகள்தான் இப்போது கரையைப் பிடித்திருந்தன. சட்டம் ஜெயித்துவிட்டதா தோற்றுவிட்டதா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

எல்லைக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கல்குவாரிப் பக்கம் கொடுத்த மாற்று இடத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்குள் கிளை வந்தால் பாய் விரிக்க இடம் ஏது? பகலில் வந்து தங்கள் வீட்டில் காய் பறித்துக்கொண்டு போனார்கள். போகாதவள் ஒருத்தி; குற்றாலிங்கத்தின் அக்கா சண்முகவடிவு. பிள்ளையில்லை, புருஷன் சங்கிலிபூதத்தான் போய்ச் சேர்ந்து சில வருஷங்களாயிற்று. நடுக்கல்லுக்கு ஓரடி உள்ளே அவள் வீட்டுப் பின்சுவர். ஓடையைப் பார்த்த வாசல். அந்த வாசலுக்கு வேங்கை நிலை. வேங்கை மற்ற மரங்களைப் போலக் கிளைவிட்டுச் சும்மா இருக்கவில்லை, பருத்தது. இரண்டு பக்கமும் வைரம் ஏறி உள்நோக்கிப் பருத்துப் பருத்து, வடிவு முதலில் ஒருக்களித்து வெளியே வந்தாள், பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள், பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். சன்னலை ஏற்கெனவே கிளை அடைத்திருந்தது. எல்லைக்குள் வெட்டலாகாது என்று எழுதியது அவள் தம்பி.

மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, இது கட்டடமா மரமா என்று பேரூராட்சி முடிவு சொல்ல வேண்டும், அதற்குமுன் உள்ளே இருக்கிற அம்மாவைத் தீயணைப்பு வண்டியை வைத்துக் கூரை வழியாக வெளியே எடுக்க வேண்டும் என்று சொல்லிப் போனார். சட்டம் எழுதினவரே அறிக்கை தரட்டும் என்று உறுப்பினர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

கூட்டத்துக்கு முதல்நாள் காலையில் பிரமநாயகம் குற்றாலிங்கத்தைக் கரையோர டீக்கடைக்குக் கூட்டிப்போனார். பெஞ்சு துளிர்த்திருந்தது, இலைகளை ஒதுக்கிவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்பது கடையின் புது மரியாதை.

"கட்டடம்னு எழுதுனா இடிக்கணும்" என்றார் பிரமநாயகம். "இடிச்சா, மரத்த வெட்டுன குத்தம். மரம்னு எழுதுனா யாரும் தொடப்படாது. ஆனா அக்கா அங்கன இருக்க முடியாது. செடி கொடி அல்லாது வேறெதுவும்னு எழுதியிருக்கிய, மனுசனும் அந்த வேறெதுவும்ல வாரான்லா?"

"மனுசன நெனச்சு எழுதல தலைவரே. கட்டடத்த நெனச்சு எழுதுனது."

"நெனச்சத யாரு கேக்கா? ஆட்டோ என்ன சொல்லுச்சோ அதான் சட்டம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு வழி இருக்கு. நடுக்கல்ல மட்டும் ஓடைப் பக்கமா தள்ளி நட்டுட்டா அக்கா வீடு எல்லைக்கு வெளிய வந்துரும். மரம் பழையபடி கட்டையாயிரும். அதுக்கப்புறம் ஆசாரிய விட்டு நிலையச் செதுக்குனா யாரு கேக்கப்போறா? அம்புட்டுத்தான் சோலி. ஏம்வே ஜெபமணி?"

ஜெபமணி டீயை ஊதிக்கொண்டே, "நான் தொடமாட்டேன் ஸார்" என்றார்.

"நீரு வேதக்காரரு, ஒமக்கென்னவே பயம்?"

"எனக்கு நம்பிக்கை கெடையாது. ஆனாலும் தொடமாட்டேன்."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் நான் நகர்த்துகிறேன் என்று சொல்லவில்லை. பால் காய்ச்சிக்கொண்டிருந்த கடைக்காரர் மட்டும், "நடுக்கல்லு நகந்தா அந்த வரிசையே நகரும்லா. அக்கா வீட்டு வேரு செத்தா அந்த எடத்துல கரை பிடிக்காது. தண்ணி நேர எங்கன வரும்? என் அடுப்புக்குத்தான வரும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். பிரமநாயகம் குடித்த தம்ளரைக் கீழே வைத்தார். "ஒங்க அக்கா, ஒங்க சட்டம். நீங்க எத எழுதுனாலும் நான் கையெழுத்துப் போடுதேன் அண்ணாச்சி" என்று எழுந்தார். அவர் சட்டையில் ஒட்டிய ஒரு இலை அவரோடு போயிற்று.

குற்றாலிங்கம் அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனார். வேங்கை பூத்திருந்தது. வாசல் முழுக்க மஞ்சளாக உதிர்ந்து, அதில் நடக்கக் கூச்சமாக இருந்தது. நிலைக்கால்களின் நடுவே ஒரு சாண் இடைவெளி மிச்சம். அதற்குள்ளிருந்து ஒரு கண்ணும் பாதி மூக்குத்தியும் தெரிந்தன.

"வால தம்பி. உள்ள வான்னு சொல்ல வழியில்ல, ஒனக்கு வெளிநாட்டுத் தொந்தி."

"சாப்பாட்டுக்கு என்னக்கா பண்ணுத?"

"அதுக்கென்ன கொறச்சல். பனங்கைமரத்துல நொங்கு காய்க்கு, பின்னால பலா வருது. அரிசி ஒண்ணுதான், அத ஊர்ப் பொம்பளைக இந்தச் சந்து வழியா உழக்கு உழக்கா ஊத்திட்டுப் போறாளுக. இந்தா காப்பி." தம்ளர் ஒருக்களித்து வெளியே வந்தது; பாதி பூவில் சிந்திற்று.

அவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு வண்டி வருதுக்கா. கூரைய ஒதுக்கி ஒன்னய எடுத்துருவாங்க. மேல என் வீட்ல ரூம்பு கெடக்கு. வந்துரேன்."

"ரூம்புக்குக் கதவு இருக்கா?"

"இருக்கு, இல்லாம?"

"யாரு மூடுவா?"

அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. உள்ளேயிருந்து அக்கா மெல்லச் சொன்னாள்: "அப்பா வீட்ல நான் கதவ மூடுனா, பொட்டப்புள்ளைக்கு உள்ள என்ன சோலின்னு தட்டுவாரு. ஒனக்கு அது நெனப்பிருக்காது, நீ கைப்புள்ள. மாமியா வீட்ல கதவே கெடையாது, ஒரு பழைய சேலையத் தொங்கவிட்டிருந்தாக. ஊருக்குள்ள எடம் வாங்க முடியாம ஓடைக்கரையில இந்தக் குழிய வாங்கி, ஏலத்துல வேங்கைய எடுத்து, நிலை வச்ச அன்னைக்கு ஒங்க மச்சான் மஞ்சக் கையோட நின்னு, 'வடிவு, தாப்பா உள்பக்கம்'னாரு. அம்புட்டுத்தான் சொன்னாரு."

"இப்ப தாப்பா எங்க?"

"கதவோட சேத்து மரம் முழுங்கிட்டு. இரும்புலா, அது துளுக்கல. ஆனா கெட்டியா இருக்கு."

"அக்கா, இது அடைஞ்சுபோனா நீ உள்ள மாட்டிக்குவ."

"எல, மாட்டிக்கிடுதது வேற. நான் இருக்கேன்."

"நான் என்ன எழுதட்டும்? கட்டடம்னா மரம்னா?"

"என்னயக் கேட்டா? நீயா நானா சட்டம் எழுதுனது?" என்றாள் அக்கா. பிறகு சிரித்தாள், அந்தச் சிரிப்பு மரத்துக்குள்ளிருந்து வந்தது போல ஒரு அடைத்த ஓசை. "கல்ல மட்டும் நகத்திராத. கதவு செத்துரும். தம்ளரக் குடு."

திரும்பும்போது குற்றாலிங்கம் நடுக்கல்லின் முன்னே நின்றார். யாரும் பார்க்கவில்லை. தொட்டுத் தள்ளினால் அசையக்கூடிய கல்தான். அடியில் சிமெண்ட் போட வேண்டும் என்று அவரே ஜெபமணியிடம் சொல்லி, ஜெபமணி போடாமல் விட்டது. கையை வைத்தார். உள்ளங்கையில் குங்குமம் ஒட்டியது. தள்ளினால் அக்காவுக்கு வாசல் உண்டு, கதவு இல்லை. தள்ளாவிட்டால் கதவு உண்டு, வாசல் இல்லை. வெளியே எடுத்தால் உயிரோடு இருப்பாள், எங்கே இருப்பாள் என்று தெரியாது. விட்டால் இருப்பாள், எப்படி இருப்பாள் என்று தெரியாது. கனடாவில் இதற்கு ஒரு விதிவிலக்குக் குழு இருந்தது; ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, காப்பி குடித்து, கை தூக்குவார்கள். அங்கே அவர் ஒருதடவைகூடக் குழம்பியதில்லை. கையைக் கல்லிலிருந்து எடுத்து, எங்கே துடைப்பது என்று தெரியாமல், அப்படியே நடந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் கூட்டத்துக்கு ஊரே வந்துவிட்டது. மண்டபம் கொள்ளாமல் சன்னலில் தொற்றிக்கொண்டு நின்றார்கள். வெளியே தீயணைப்பு வண்டி, அலுமினிய ஏணியோடு நின்றது. மர ஏணியை எல்லைக்குள் சாத்தினால் திரும்ப வராது என்று அவர்களுக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். இடைவெளி இப்போது நாலு விரல் என்று காலையில் பார்த்துவந்த ஒருத்தி சொன்னாள். மூன்று விரல் என்றாள் அவளுக்குப் பின்னால் வந்தவள். அதன் வழியாக அக்கா பாடுகிற சத்தம் கேட்கிறது என்றாள். பாட்டா, யாரையோ திட்டுகிறாளா என்று நிச்சயமாகத் தெரியவில்லை என்றும் சொன்னாள்.

மாவட்டத்து ஆள் கடிகாரத்தைப் பார்த்தார். "கட்டடம்னாலும் சரி, மரம்னாலும் சரி, அந்தம்மாவ எடுத்தாகணும். சட்டத்துல மனுஷருக்கு அங்க நிக்க எடமில்ல. சீக்கிரம் சொல்லுங்க, வெயிலுக்கு முன்னால முடிச்சிரலாம்."

"எடுத்துட்டா வீடு?" என்றது சன்னலில் ஒரு குரல்.

"அதான் சார் எழுதுவாரே" என்று மாவட்டத்து ஆள் குற்றாலிங்கத்தைக் காட்டினார்.

"அவரு என்னத்த எழுதுவாரு, அவருக்கே ஒண்ணும் ஓடல, மூஞ்சியப் பாருங்க" என்றது இன்னொரு குரல். சிரிப்பு எழுந்து அடங்கியது.

பிரமநாயகம் சட்டத்தின் தமிழ்ப் பிரதியை எடுத்துக் குற்றாலிங்கத்தின் முன்னே வைத்தார். "அண்ணாச்சி, எதுனாலும் இதுல எழுதிக் குடுங்க. இந்தப் பதினஞ்சு மீட்டருக்கு இதுதான் வேதம். இதுல இல்லாதத நாங்க செய்யமாட்டோம், இதுல உள்ளத இந்த ஊர்ல ஒருத்தன் தொடமாட்டான்."

குற்றாலிங்கம் பக்கங்களைப் புரட்டினார். முதல் பக்கத்தைப் படித்தபோது எல்லாம் சரியாக இருந்தது போலிருந்தது. இரண்டாம் பக்கத்தில் அதே வாக்கியங்கள் வேறெதையோ சொல்வது போலிருந்தது. தான் அக்காவைக் காப்பாற்றுகிறாரா கைவிடுகிறாரா என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. வெளியே வண்டியை முடுக்கிவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் சன்னலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசிப் பக்கத்தில், எல்லைக்குள் நிற்க உரிமையுள்ளவை, எவராலும் பெயர்க்கப்படக் கூடாதவை என்ற தலைப்பின்கீழ், அவர் ஒவ்வொன்றாகத் தேர்ந்து எழுதிய பெயர்கள் இருந்தன.

குற்றாலிங்கம் பேனாவைத் திறந்து, நீர்மருது, புங்கை, நொச்சி, தாழை, நாணல், வெட்டிவேர் என்று போன அந்த வரிசையின் அடியில் சண்முகவடிவு என்று எழுதி, கையெழுத்துப் போட்டார்.